வாயிலும் ஆசனமும்

இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைக்கும் பாடசாலை வாயில் திறந்தது. ஆயினும், உள்ளே நுழைந்த பிள்ளைக்கு எவ்விடத்தில் ஆசனம் என்பதன்றோ அடுத்த வினா?

இவ்வினா பழமையானது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருந்து படித்த காலமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1930ஆம் ஆண்டளவில் சம ஆசனம் வழங்குமாறு அரசு பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அன்று சமத்துவத்தின் பக்கம் நின்ற வாலிபர் காங்கிரசை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

இன்று கிளிநொச்சி, வவுனியா நகரப் பாடசாலைகளில் எவரும் தரையில் அமர்வதில்லை. எனினும் வேற்றுமை வேறு உருவில் வரலாம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வன்னியில் குடியேறியோரின் வழிவந்த பிள்ளைகளும், 2009இல் முடிந்த போரில் உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே பயில்கின்றனர். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்தவருக்கு அனுமதி கிடைக்குமா? பணம் செலுத்த இயலாத பிள்ளை வகுப்பில் நாணி நிற்குமா? புள்ளி குறைந்த பிரிவுக்குத் தேர்ந்த ஆசிரியர் செல்வாரா?

இவற்றுள் பலவற்றைத் தீர்ப்பது சட்டமன்று. அதிபரின் மேசைமேல் உள்ள அனுமதிப் பதிவேடும் நேரசூசியுமே. சிறந்த கணித ஆசிரியரின் பெயரைப் பின்தங்கிய வகுப்புக்கு நேரே எழுதும் அதிபர், மேடையேறிப் பேசாமலே சமூக நீதியை நிலைநாட்டுகிறார். வாயிலைத் திறந்தது அரசு. ஆசனத்தை அளிக்க வேண்டியவர் அதிபரே.