குழிமார்பும் நோவு தணித்தலும்

நோய் என்னுஞ் சொல் நோதல் என்னும் வினையடியாகப் பிறந்ததென்பதைத் தமிழ் கற்பார் அறிவர். பிணிக்கும் வலிக்கும் அவ்வொரு சொல்லையே நம் முன்னோர் வழங்கினர். ஆயினும், பிணி திருத்தப்பட்ட பின்னரே வலி தொடங்குவதும் உண்டு. குழிமார்பைச் சீர்ப்படுத்தும் சத்திரசிகிச்சை அத்தகையது. அவ்வலியைத் தணிக்கும் வழிகளுட் சிலவற்றை யாம் கற்றறிந்தவாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

மார்பெலும்பு உட்குழிந்து, வளரும் பருவத்தில் அக்குழி ஆழமாகி, சிலருக்கு இருதயத்தையும் நுரையீரலையும் நெருக்கும் குறையே குழிமார்பு. 1949-ஆம் ஆண்டில் ராவிச் என்னும் அமெரிக்க வைத்தியர், கோணிய குருத்தெலும்புகளை அறுத்து நீக்கி மார்பை நிமிர்த்தும் முறையை வெளியிட்டார். 1987-இல் வர்ஜீனியா மாகாணத்து டொனால்டு நஸ் என்பார் குருத்தெலும்பை அறுத்து நீக்காமலே, வளைந்த உலோகப் பட்டையொன்றை மார்பின் பக்கங்களிலிட்ட சிறு துளைகளின் வழியே செலுத்தி, உள்ளே அதனைப் புரட்டி, மார்பெலும்பை முன்னே தள்ளி நிறுத்தினார். காயம் சிறிது, வலியோ பெரிது. பல்லாண்டுகளாய்க் குழிந்து கிடந்த சுவர் ஒரே நாளில் நிமிர்த்தப்படுகின்றதன்றோ?

கை முறிந்தவன் கையை அசையாது வைத்திருத்தல் கூடும். மார்பை அவ்வாறு வைத்தல் யாருக்கும் இயலாது. வலிக்கு அஞ்சியவன் ஆழ மூச்சு விடான்; இருமலை அடக்குவான்; சளி தேங்கும்; நுரையீரலின் சில பகுதிகள் சுருங்கும்; நிமோனியாக் காய்ச்சல் வரவுங் கூடும். ஆதலின், இவனுக்கு வலி தணித்தல் வெறுஞ் சுகத்தின் பொருட்டன்று. சங்கடம் யாதெனின், வலியை வலிதாய் அடக்கும் மருந்து மூச்சையும் அடக்க வல்லதாயிருப்பதே.

மார்பின் முதலிய அபின் இன மருந்துகளையே கூறுகின்றோம். நோயாளி ஒரு பொத்தானை அழுத்த, இயந்திரம் சிறிதளவு மருந்தை நரம்பூசி வழியே செலுத்தும்; குறித்த இடைவேளைக்குள் எத்துணை முறை அழுத்தினும் மீண்டுஞ் செலுத்தாது. தாதியை எதிர்நோக்கிக் கிடவாமல் தானே பெறுதல் நன்றே. குமட்டல், மலச்சிக்கல், உறக்கமயக்கம், மூச்சுத் தளர்ச்சி என்பன அதற்குரிய விலை. நோயாளருட் பலர் பள்ளிப் பருவத்தினராதலின், மருந்துப் பழக்கம் பற்றிய அச்சமும் பெற்றோர்க்கு உண்டு.

எபிடூரல் என்பது பிறிதொரு முறை. தண்டுவடத்தின் உறைக்கு வெளியே மெல்லிய குழாயை வைத்து, உணர்ச்சியை மரக்கச் செய்யும் மருந்தை இடைவிடாது செலுத்துவர். செவ்வனே அமைந்தால், முதல் ஓரிரு நாட்களுக்கு மிக நல்லது. ‘அமைந்தால்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கான்சாஸ் நகரத்துக் குழந்தை மருத்துவமனையொன்றில் 110 பேரை இரு கூறாக்கி, எபிடூரலையும் மேற்கூறிய பொத்தான் முறையையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டனர். எபிடூரல் பெறவிருந்தோருள் ஐவரில் ஒருவருக்கு மேலானோர்க்குக் குழாயை வைக்க இயலவில்லை, அன்றி ஒரு நாளைக்குள் எடுத்துவிட நேர்ந்தது. மருத்துவமனையில் தங்கிய காலமும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரத்த அழுத்தம் தாழ்தலும் சிறுநீர் இறங்காமையும் நேர்வதுண்டு. குழாயை எடுத்த அன்று அடங்கியிருந்த வலி திரண்டெழும். எபிடூரலைப் புகழ்வார் அந்த நாளை மறந்துவிடுகின்றனரோ என்று எமக்குத் தோன்றுகின்றது.

இனி, நரம்பைக் குளிரால் உறைவித்தலைக் காண்போம். குளிர் வலியை மாற்றும் என்பது புதிய செய்தியன்று. 1807-இல் ஐலோப் போர்க்களத்துக் கடும்பனியில், அங்கம் அறுக்கப்பட்ட வீரர் சிலர் வலியை அதிகம் உணராதிருந்ததை நெப்போலியனின் ரண வைத்தியர் லாரே கண்டார். இக்காலத்தில், மார்பினுட் செலுத்திய சிறு காமிராவின் துணையால் விலா நரம்பை நோக்கி, பூச்சியத்திற்குக் கீழ் ஏறக்குறைய 60 பாகைக் குளிருடைய சலாகையை அதன்மேல் இரண்டு நிமிடம் வைக்கின்றனர். பக்கத்திற்கு ஐந்து நரம்பாகப் பத்து நரம்புகளுக்கு உறைவிக்கும் நேரமே இருபது நிமிடமாகும். உள்ளிழை பட்டுப்போகின்றது, புறவுறையோ கெடுவதில்லை. அவ்வுறையினூடே இழை நாளொன்றுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை மீண்டும் வளரும். அதற்குள் வலியின் கொடுமைக்காலம் கழிந்துவிடும். நாலைந்து நாள் கிடந்த இடத்தில் ஓரிரு நாளில் வீடு திரும்புவோர் பலர்; அபின் மருந்தும் மிகக் குறைகின்றது.

இதற்கும் விலை உண்டு. உறைவித்த பயன் முழுதும் தோன்ற ஒரு நாளளவு செல்லுமாதலின், அதுகாறும் மரக்கும் ஊசியும் பாரசிட்டமால், இபுபுரூபென் போன்றவையும் துணை நிற்றல் வேண்டும். மார்பு சில மாதங்கள் மரத்தே இருக்கும். வயது முதிர்ந்தோருட் சிலருக்கு, நரம்பு மீள வளருங்கால் எரிச்சலும் குத்தலும் நீடிக்கின்றன.

தேர்ந்த கையும் கருவியும் உள்ளவிடத்து, வளரும் பிள்ளைகளுக்குக் குளிர்முறையே ஏற்றதென்பது எம் கருத்து. அக்கருவியில்லாத ஊர்களில் எபிடூரலோ பொத்தானோ எதுவெனினும், அங்குள்ள வைத்தியர் நாடோறும் செய்து பழகியதே மேல். ஆனால் மார்பு மரக்குமென்பதைச் சிகிச்சைக்கு முன்னரே பிள்ளையிடம் சொல்லல் வேண்டும். பெற்றோரிடம் மட்டும் சொல்லிவிடுதல் முறையன்று. தன் மார்பைத் தொட்டு உணராது திடுக்கிடப்போகிறவன் அவனே.

பட்டையை மூன்றாண்டளவில் எடுத்துவிடுவர். அப்பொழுது பெரும்பாலும் சாதாரண மாத்திரைகளே போதும். அன்றே இல்லந் திரும்புவோரும் பலர்.