கம்பைலர் வாசிக்காத வரிகள்

போன மாதம் ஒரு கம்பைலரின் மூலநிரலில் ஒரேயொரு சொல் சேர்த்தேன். எதிர்மறைப் பொருள் தரும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்.

கம்பைலர் என்பது நாங்கள் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள். அதுவும் ஒரு நிரல்தான். அதற்குள் மனிதர் மனிதருக்கு எழுதிவைத்த 'கொமென்ட்' குறிப்புகள் இருக்கும். அவற்றைக் கணினி கண்டுகொள்ளாது. "இந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கலாம்" என்றிருந்த குறிப்பை நம்பி நான் இரண்டு நாளை வீணாக்கினேன். உண்மையில் வெறுமையாக இருக்கக்கூடாது.

அதோடு பக்கத்தில் கிடந்த ஒருமை பன்மைப் பிழைகள், இரண்டு தரம் அடிபட்ட சொற்கள் எல்லாவற்றையும் திருத்தினேன். "இதுக்குப்போய் மினக்கெடுறீங்களோ?" என்றார் மனைவி.

டென்மார்க்கில் இருந்துகொண்டு இதை அற்பம் என்று சொல்லேலாது. அல்கோல் 60 மொழியின் அறிக்கையை 1960இல் தொகுத்தவர் இந்நாட்டுப் பீட்டர் நௌர். அந்த மொழியில் குறிப்பு அரைப்புள்ளியோடு முடிந்துவிடும். குறிப்பின் நடுவில் தெரியாமல் ஒரு அரைப்புள்ளி வைத்தால், மிச்ச வசனத்தைக் கம்பைலர் நிரலென்று எடுத்துக்கொள்ளும்! இன்றும் எல்.எல்.வி.எம். சோதனைக் கோப்புகளில் குறிப்புப் போலத் தெரியும் சில வரிகளை ஒரு கருவி வாசித்துச் சரிபார்க்கிறது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப்பிழை திருத்தினால் சோதனை தோற்கும்.

நிரலைப் பற்றிய உண்மையான விளக்கம் அதை எழுதினவரின் மனதில்தான் இருக்கிறது, ஆவணம் அதற்கு ஈடாகாது என்று நௌர் 1985இல் எழுதினார். சரிதான். ஆனால் எழுதினவர் வேலையை விட்டுப் போனபிறகு எனக்கு மிஞ்சினது அந்தக் குறிப்பு மட்டும்தானே.

அனுப்பமுதல் தயங்கினேன். தமிழ், டேனிஷ், அதன்பிறகுதான் எனக்கு ஆங்கிலம். அடுத்தவரின் எழுத்தைத் திருத்த நான் யார்? பத்து வயதில், அப்பா நகரசபைக்கு எழுதின டேனிஷ் கடிதத்தைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தேன். அடுத்த கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை.

கம்பைலர்க்காரர் கோபிக்கவில்லை. பொருளை மாற்றுகிற திருத்தத்தைத் தனியாகவும் இலக்கணத்தைத் தனியாகவும் அனுப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இப்போது மகளின் தமிழ்க் கொப்பியையும் அப்படித்தான் பார்க்கிறேன். "அம்மம்மா பள்ளிக்கு வந்தான்" என்று எழுதியிருந்தாள். யார் வந்தது என்று முதலில் கேட்டேன். றகரம் ரகரம் எல்லாம் அடுத்த கிழமை, பென்சிலால்.