குடத்துக்குள் குடியிருக்கும் பகை!

பகைவன் கோட்டைக்கு வெளியே நின்றால் போரிடுவது எளிது. வீட்டுக்குள்ளேயே, நாம் சேமித்து வைத்த தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தால்? டெங்குவைச் சுமந்து திரியும் கொசு அத்தகைய பகைதான், தோழர்களே!

சாக்கடையிலே பெருகும் கொசு வேறு, இது வேறு. இதன் பெயர் ஏடிஸ். கறுத்த உடம்பிலே வெள்ளை வரிகள். இது தேடுவது தெளிந்த தண்ணீரை. தொட்டி, டிரம், பழைய டயர், கொல்லையிலே கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் போதும். பத்து நாளிலே முட்டை கொசுவாகிப் பறக்கும். கடிப்பதோ பகலில். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த பெண் கொசு, ஏறத்தாழப் பத்து நாள் கழித்து, தன் ஆயுள் முடியுமட்டும் நோயைப் பரப்பும்.

கியூபாவின் வரலாற்றைப் பாருங்கள்! மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது இந்தக் கொசுதான் என்று 1881-இல் ஹவானாவிலே சொன்னார் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே. அறிஞர் உலகம் நம்ப மறுத்தது. 1900-இல் அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு சோதித்துப் பார்த்து, அவர் சொன்னதே உண்மை என்று கண்டது.

ஃபின்லே எச்சரித்துச் சரியாக நூறு ஆண்டு! 1981-இல் அதே கியூபாவிலே, அதே கொசு, டெங்குவைக் கொண்டுவந்தது. நோயுற்றோர் 3,44,203 பேர். மாண்டோர் 158 பேர். அவர்களிலே 101 பேர் குழந்தைகள்!

ஏன் இந்தக் கொடுமை? டெங்கு வைரசு நான்கு வகை. 1977-இல் கியூபாவிலே பரவியது ஒரு வகை. 1981-இல் வந்தது மற்றொன்று. ஒரு வகை கண்ட உடம்பிலே வேறு வகை புகுந்தால் ஆபத்து அதிகம். "ஒருமுறை வந்து போயிற்று, இனி வராது" என்று எண்ணுவோர் இதை மனத்திற்கொள்க!

கியூபா கலங்கிக் கிடக்கவில்லை. ஆயிரக்கணக்கான பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர், தொட்டிகளைச் சோதித்தனர், மருந்திட்டனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஜூலையிலே ஒரே நாளில் பதினோராயிரம் பேரைத் தாண்டிய நோய், அக்டோபரிலே ஓய்ந்தது! ஆயினும் 1997-இல் சாந்தியாகோ நகரத்திலே மீண்டும் தலைதூக்கிற்று. ஒருமுறை வென்றுவிட்டு உறங்கப் போகும் போரல்ல இது.

நமக்கு இதிலே பாடம் என்ன? புகையடிக்கும் வண்டி வந்தால் பறக்கும் கொசு சாகும். தொட்டியிலுள்ள புழு சாகாது. முட்டையோ, தண்ணீர் வற்றினாலும் தொட்டிச் சுவரிலே பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும். ஒரு வீடு செய்து பயனில்லை. தெரு முழுதும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

குழாயிலே நாள்தோறும் தண்ணீர் வந்தால், உழைப்பவன் வீட்டிலே டிரம் எதற்கு? அதையும் கேட்போம், நகராட்சியின் வாசலிலே நின்று கேட்போம்! குழாய் ஒழுங்காக ஓடும்வரை, டிரம்மின் மூடி நம் பொறுப்பு.

காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின் கொடுக்காதீர். காய்ச்சல் தணிகிற நேரத்திலேதான் ஆபத்து வரும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கண்டால், கூலி போகிறதே என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்!

கொசுவுக்குக் கொடியில்லை, சாதியில்லை, வாடகை வீடு சொந்த வீடு என்ற பேதமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவுக்குப் பத்துப் பேர் புறப்படட்டும். கையிலே துடைப்பம் போதும்!