எலும்பில் தோன்றும் குருத்துப் புற்று

மலைச்சரிவில் நாள்தோறும் ஏறியிறங்கிக் கொழுந்து பறிப்போர்க்கு இடுப்பு நோவு புதிதன்று. ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் இடுப்போ தோளோ வலித்தால், சுமையினால் வந்தது, குளிரினால் வந்தது என்று சொல்லி, எண்ணெய் தடவி நீவிவிட்டு, மறுநாட் காலையில் மலைக்குப் புறப்படுவர். பெரும்பாலும் அவர்கள் எண்ணுவது சரியே. ஆயினும் மிக அரிதாக அவ்வலியின் பின்னே குருத்தெலும்புப் புற்று ஒளிந்திருப்பதுண்டு. மருத்துவர் அதனைக் கொன்ட்ரோசார்கோமா என்பர்.

குருத்தெலும்பு யாதென மாணவர் அறிவர். நம் பாடநூல்கள் அதனைக் கசியிழையம் என்று கூறும். மூட்டுகளில் எலும்பின் நுனியைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான பொருள் அது. அதனை உண்டாக்கும் இயல்புடைய உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே இந்நோய். நாற்பதைக் கடந்தோரிடத்தே மிகுதியாகக் காணப்படும். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் மேற்பகுதி, தோள், விலா ஆகியவை இதற்கு உவப்பான இடங்கள். 1943 ஆம் ஆண்டில் லிக்டென்ஸ்டைன், ஜாஃபே என்னும் இரு அமெரிக்க அறிஞர் இதன் இயல்புகளைத் தெளிவுற எழுதி, இளையோரைத் தாக்கும் வேறோர் எலும்புப் புற்றினின்றும் இதனைப் பிரித்துக் காட்டினர். எக்ஸ்ரே படத்தில் எலும்பினுள்ளே சோளப்பொரி சிதறினாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றக்கூடும்.

இந்நோயின் கொடுமை வேகத்தில் இல்லை. பெரும்பாலும் இது மெல்ல வளர்வது. கொடுமை யாதெனில், மற்றப் புற்றுகளுக்கு உதவும் மருந்தும் கதிர்வீச்சும் இதன் வழக்கமான வகையிடம் பெரிதும் தோற்றுப்போகின்றன. குருத்தில் இரத்தக் குழாய்கள் அரிது. ஆதலின் மருந்து உட்புகுவது கடினம். அணுக்கள் மெல்லப் பிரிவதால் கதிரும் அவற்றை எளிதில் அழிப்பதில்லை. எஞ்சியது சத்திர சிகிச்சை ஒன்றே.

அதிலும் முதற் சிகிச்சையே முக்கியம். தேயிலைக் கன்றை வேர்மண் உதிராமல் பெயர்த்தெடுப்பதுபோல, கட்டியைத் தீண்டாது, சுற்றியுள்ள நலமான தசையும் எலும்பும் சேர அதனை முழுதாக அகற்றுதல் வேண்டும். கட்டி உடைந்து ஒரு துளி சிந்தினும், சிந்திய இடத்தில் அது மீண்டும் முளைக்கக்கூடும். ஊசியிட்டுத் துணுக்கெடுக்கும் பயொப்சியைக்கூடப் பின்னர் அறுவை செய்யவிருக்கும் நிபுணரே திட்டமிட வேண்டும் என்பது இதனால்தான். பல வேளைகளில் ஊசி சென்ற வழியையும் சேர்த்தே அகற்றுவர். சாதாரணக் கட்டியென்று கருதி எங்கேனும் அவசரமாகக் கீறிவிட்டால், காக்கக்கூடிய காலும் காக்க முடியாததாகலாம்.

கை கால் எலும்பில் தோன்றும் மிகத் தாழ்ந்த தரக் கட்டியாயின் சுரண்டியெடுத்து, குழியை எலும்புச் சிமெந்தால் நிரப்புதலும் போதும். உயர்தரமாயின் எலும்பையே நீக்கல் வேண்டும். உடனே, “காலை வெட்டிவிடுவார்களே!” என்று லயத்தில் அழுகுரல் எழும். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. சிலர்க்கு இன்றும் அது நேர்கின்றது. ஆயினும் எலும்பை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் உலோக மூட்டைப் பொருத்திக் காலைக் காப்பது இன்று பலர்க்கு இயல்கின்றது. இடுப்பெலும்பின் ஒரு பகுதியை அகற்றியும் காலை நிறுத்திவைக்கின்றனர். சென்னையில் இத்தகைய உலோக உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்வித்துப் பொருத்தும் பணியில் புகழ்பெற்றவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இலங்கையில் புற்றுநோய்க்கென அமைந்த தலைமை நிலையம் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. அரசாங்க வைத்தியசாலையாதலால் சிகிச்சை இலவசம். ஆனால் ஹட்டனிலிருந்து அங்கே செல்ல நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். போகும் நாளெல்லாம் சம்பளம் இல்லை. உடன் வருபவருக்கும் இல்லை. நோயாளி தாமதிப்பதை அறியாமை என்று மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஓய்ந்து படுத்தாலும் தணியாது இரவில் எழுப்பும் வலி, நாளடைவில் பெருக்கும் கடினமான வீக்கம், சிறு இடறலுக்கே முறியும் எலும்பு ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் நீவுவதை நிறுத்தி, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது நலம். சிகிச்சை முடிந்தபின்னரும் கிளினிக் அட்டையை எறிந்துவிடலாகாது. பத்தாண்டு கழித்தும் இந்நோய் மீண்டதுண்டு. அப்போது அது பெரும்பாலும் பழைய இடத்திலோ நுரையீரலிலோ தோன்றுமாதலால், குறித்த தவணைகளில் அவ்விரண்டையும் படமெடுத்துப் பார்ப்பர்.