புள்ளியிடும் பிரயாணி

வாடகை வண்டியில் ஏறி இருப்பதற்கும் ஒரு முறை உண்டோ என்று கேட்பார் இருக்கலாம். உண்டு என்பதே என் விடை. அதனை நான் கற்றுக்கொண்டது என் தவறொன்றினாலேயாம்.

கைத்தொலைபேசி மூலம் வண்டியை அழைக்கும் வழக்கம் 2015ஆம் ஆண்டிலே கொழும்பிற் பரவத் தொடங்கியது. உள்நாட்டு நிறுவனமாகிய பிக்மீ அவ்வாண்டிலே சேவையை ஆரம்பித்தது. ஆண்டின் இறுதியில் ஊபரும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர், தெருமுனையில் நின்று முச்சக்கர வண்டிக்காரரோடு பேரம் பேசி, இருவரும் மனங்கசந்து புறப்படுவதே பெரும்பாலும் நம் அனுபவம். இன்று கட்டணம் முன்னதாகவே திரையில் தோன்றுகிறது. பேரம் ஒழிந்தது நன்றே. ஆயின், பேரத்தோடு பேச்சும் ஒழிந்துவிட்டது. முகம் பாராமலே ஏறுகிறோம். முகம் பாராமலே இறங்குகிறோம். இறங்கிய பின் அந்த முகத்துக்குப் புள்ளியிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாள். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலிருந்து, யாழ்ப்பாணப் புகையிரதத்தைப் பிடிப்பதற்காகக் கோட்டைக்குச் செல்ல முச்சக்கர வண்டியொன்றை அழைத்தேன். வண்டி வந்துவிட்டதாகத் திரை சொல்லிற்று. கண்ணுக்கோ எதுவும் தென்படவில்லை. சாரதி தொலைபேசியில் அழைத்து, "மரைன் டிரைவில் நிற்கிறேன், சேர்" என்றார். நானோ காலி வீதிப் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிடங் கழித்து நனைந்தபடி வந்து சேர்ந்தார். வயது அறுபதுக்குக் குறையாது. "வழி தெரியாதவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறீர்?" என்று சினந்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. புகையிரதம் புறப்படுமுன் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஆயினும் சினம் ஆறாமல், ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் இட்டேன்.

றாகமையைத் தாண்டியபின் பயணக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். புறப்படும் இடம் என்று நான் குறித்திருந்தது மரைன் டிரைவையே. என் விரல் சற்று விலகியிருந்தது. அவர் நான் சொன்ன இடத்துக்கே வந்திருக்கிறார்.

முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். இருமுறை வாசியாமல் எந்த மாணவனுக்கும் குறைபுள்ளி இட்டதில்லை. இங்கே வினாவே பிழை; விடை எழுதியவரைத் தோற்கடித்துவிட்டேன். இந்தப் புள்ளி விளையாட்டன்று. பிரயாணிகள் இடும் புள்ளிகளின் சராசரியே சாரதியின் நற்பெயர். அது மிகத் தாழ்ந்தால் அவர் அந்தத் தொழிலையே இழக்கவுங் கூடும்.

ஆதலால், வண்டியை அழைக்குமுன் முதலிற் செய்யவேண்டியது இடத்தைச் சரியாகக் குறித்தலாகும். வெள்ளவத்தை ஒழுங்கைகள் பல, ஒரு முனையில் காலி வீதியையும் மறு முனையில் கடற்கரை வீதியையும் தொடுவன. ஒருவழிப் பாதைகள் மலிந்த நகரில் ஒரு சிறு பிழையும் சாரதியைப் பெருஞ்சுற்றில் விட்டுவிடும். அருகிலுள்ள கோவிலையோ கடையையோ அடையாளமாகச் சொல்லிவிடுதல் நலம்.

வண்டி புறப்பட்ட பின் காரணமின்றி அழைப்பை நீக்குதல் தகாது. நம்மை நாடி வருவதற்கும் பெற்றோல் செலவாகிறது. 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டுக் காலத்திலே, அட்டைமுறை தொடங்கியபோது, முச்சக்கர வண்டிக்கு வாரமொன்றுக்கு 5 லீற்றரே பங்கிடப்பட்டதென்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வண்டி வந்ததும் இலக்கத் தகட்டைத் திரையிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுக. நம் பெயரை நாமே முந்திச் சொல்லாது, யாரை ஏற்ற வந்தீர் என்று சாரதியிடம் கேட்பதே பாதுகாப்பு. இரவில் தனித்துச் செல்லும் மாணவியர் தம் பயண விபரத்தை வீட்டாருக்கு அனுப்பிவிடலாம். ஆபத்து நேரின் பொலிசாரின் அவசர இலக்கம் 119. கடும் நோயாளியை ஏற்ற வாடகை வண்டியைத் தேடி நேரம் இழக்கலாகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும்.

முச்சக்கர வண்டியில் மூவருக்கு மேல் ஏற்றும்படி சாரதியை வற்புறுத்தலாகாது. தண்டப்பணம் கட்டுபவர் அவரே. மோட்டார் வண்டியாயின் ஆசனப்பட்டியை அணிக. இறங்கும்போது தெருவோரமாகிய இடப்பக்கத்தால் இறங்குக. காசாகக் கொடுப்பதாயின் சில்லறையை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டிவிட்டு மிச்சத்துக்காக அவரைக் கடை கடையாய் அலைய விடுதல் நன்றன்று.

சாரதியை எவ்வாறு அழைப்பது என்பதும் ஒரு வினா. சிங்களத்தில் 'அய்யா' என்பது தமையனைக் குறிக்கும். 'மல்லி' என்றால் தம்பி. நம் 'ஐயா'வும் அந்த 'அய்யா'வும் பொருளால் வேறாயினும், எந்தச் சொல்லால் அழைத்தாலும் மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். பேச விரும்பாதவரை வலிந்து பேச வைக்கவேண்டியதில்லை. ஏறும்போது ஒரு வணக்கமும் இறங்கும்போது ஒரு நன்றியும் போதும்.

இவை யாவும் குறைகளைப் பொறுத்துக்கொள்க என்பதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. விரைந்தோட்டினால், அதிக பணம் கேட்டால், மரியாதை தவறினால், முறைப்பாடு செய்வதே கடமை. குறைபுள்ளி இடுவதும் நியாயமே. நான் வேண்டுவது ஒன்றுதான்: புள்ளியிடுமுன் ஒரு நிமிடம் பொறுத்து, பிழை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

நான் இப்பொழுது அவ்வாறே செய்கிறேன். அந்த முதியவரைப் பின்னர் காணவில்லை. அவருடைய பெயரும் வண்டியின் இலக்கமும் என் பயணக் குறிப்பிலே இன்னும் இருக்கின்றன. அருகில் அந்த ஒற்றை நட்சத்திரமும் இருக்கிறது.