சுழியோடியின் பெயரில் ஒரு வானத்துக் கல்



"கடல் வருது!" என்று யாராவது ஒருவர் கத்தினால் போதும். கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலைக் கரையோரத்திலும் எத்தனை தாய்மாரின் நெஞ்சு இன்றும் பதறுகிறது! 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் நடந்ததை யாரால் மறக்க முடியும்?

அப்படிப் பட்ட மனங்களுக்கு, "வானத்திலிருந்து பெரிய கல் விழப்போகிறது, உலகம் அழியப்போகிறது" என்று கைத்தொலைபேசியில் வரும் செய்தியும் சின்ன விஷயமல்ல. பிள்ளைகள் பயந்துபோய், "உம்மா, இது உண்மையா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வீர்கள்? "சும்மா போய்ப் படு" என்றால் பயம் தீருமா?

பதிலைத் தேடி ஒரு கல்லையே பார்ப்போம். அது நம் திருகோணமலையோடு ஒருவகையில் தொடர்புள்ள கல் என்றால் நம்புவீர்களா?

கோட்டை மலையின் அடியில்

பிரெட்றிக் கோட்டையின் முனையில் சுவாமி மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1956ஆம் ஆண்டு அந்த மலையடிவாரக் கடலில் ஓர் ஆங்கிலேயர் தம் நண்பர் மைக் வில்சனுடன் சுழியோடினார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் நீருக்கடியில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த ஆங்கிலேயர்தான் ஆதர் சி. கிளார்க்.

அவர் 1956 முதல் 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமாகும்வரை இலங்கையையே வீடாக்கிக்கொண்டவர். உலகப் புகழ் பெற்ற அறிவியல் கதாசிரியர். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அதன்மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவரும் அவரே. உங்கள் வீட்டுக் கூரையிலுள்ள தொலைக்காட்சித் தட்டு அசையாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான். அந்தப் பாதைக்குக் 'கிளார்க் வளையம்' என்றே ஒரு பெயர் உண்டு.

4923 கிளார்க்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இலட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவற்றையே சிறுகோள்கள் என்கிறோம். 1981 மார்ச் 2ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் ஷெல்டே பஸ் என்ற அமெரிக்க வானியலாளர் அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் அதற்கு 4923 என்ற இலக்கமும் கிளார்க்கின் பெயரும் சூட்டப்பட்டன. 2001 என்ற இலக்கம் கிடைத்திருந்தால் கிளார்க் மகிழ்ந்திருப்பார். அவருடைய புகழ்பெற்ற கதையின் தலைப்பில் உள்ள எண் அது. ஆனால் அந்த இலக்கம் ஏற்கெனவே ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது!

நம் முன்னோரான அறிஞர்களுக்கும் அந்த வானத்தில் இடமுண்டு. 2439 உலுக்பெக், 2755 இப்னு ஸீனா, 9936 அல்பிரூனி ஆகியவையும் சிறுகோள்களே.

கிளார்க் கல் எவ்வளவு பெரியது? குறுக்கே சுமார் 4 கிலோமீற்றர். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அப்படிப்பட்ட பத்துப் பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அங்கே காற்றில்லை, கடலில்லை. ஈர்ப்பு மிகமிகக் குறைவு. ஒரு சிறுவன் அங்கு நின்று கல்லெறிந்தால் அது திரும்பி விழாது, அப்படியே போய்விடும்!

சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 3 ஆண்டு 2 மாதங்கள் ஆகும். நொடிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு நாம் பஸ்ஸில் போகும் தூரத்தை அது கால் நிமிடத்துக்குள் கடந்துவிடும். சூரியனிலிருந்து அதன் தூரம் சுமார் 27 கோடி கிலோமீற்றரில் தொடங்கி 37 கோடி கிலோமீற்றர்வரை மாறுகிறது. நம் பூமியோ சுமார் 15 கோடி கிலோமீற்றரில் இருக்கிறது. ஆகவே கிளார்க் கல் பூமிப் பக்கமே வருவதில்லை. செவ்வாயின் பாதையைக்கூட அது தொடுவதில்லை.

தொடாமலே அறிவது எப்படி?

யாரும் போய்ப் பார்க்காத கல்லைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

இரவில் உள்துறைமுகக் கரையில் நின்று தூரத்தில் ஒரு வள்ளத்தின் விளக்கைப் பாருங்கள். ஒரு கணம் பார்த்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. சிறிது நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் போகும் திசை தெரிந்துவிடும். சிறுகோளையும் இப்படித்தான் பல இரவுகள், பல ஆண்டுகள் பார்த்துப் பாதையைக் கணக்கிடுகிறார்கள்.

கல் ஒழுங்கான உருண்டை அல்ல. அது சுழலும்போது அதன் அகன்ற பக்கம் தெரிந்தால் ஒளி கூடும். ஒடுங்கிய பக்கம் தெரிந்தால் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, கிளார்க் கல் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது என்று கண்டார்கள். பிரகாசத்தையும், மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதையும் கொண்டு பருமனை மதிப்பிடுகிறார்கள்.

கிளார்க் 'கல்வகை'யைச் சேர்ந்தது. இந்த வகைக் கற்கள் திருப்பி அனுப்பும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், நம் ஊர்ப் பாறைகளில் இருப்பது போன்ற சிலிக்கேட்டுக் கனிமங்களின் அடையாளம் தெரிகிறது. கணிப்பு சரிதானா? ஜப்பானின் ஹயபூசா விண்கலம் இதே வகையான இட்டோகாவா என்ற சிறுகோளுக்கு 2005இல் சென்று, 2010இல் அதன் தூளைப் பூமிக்குக் கொண்டுவந்தது. பூமியில் மிகுதியாக விழும் விண்கற்களின் தாய் இந்த வகைச் சிறுகோள்களே என்று அந்தத் தூள் உறுதி செய்தது.

நாம் அறியாமல் போன ஒரு செய்தி

எல்லாக் கற்களும் கிளார்க்கைப் போல் விலகியே நிற்பவை அல்ல. அபோபிஸ் என்ற கல்வகைச் சிறுகோள் 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அளவு சுமார் 340 மீற்றர். கிண்ணியாப் பாலத்தின் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. அது 2029 ஏப்ரல் 13ஆம் திகதி பூமியில் மோதும் வாய்ப்பு 37இல் ஒன்று என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள். எப்போது தெரியுமா? 2004 டிசம்பர் 27ஆம் திகதி! நாம் ஜனாஸாக்களை அடக்கிக்கொண்டிருந்த நாள். அந்தச் செய்தியைக் கேட்க நமக்கு எங்கே மனமிருந்தது?

அதே நாளில், அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் எடுத்த பழைய படங்களில் அபோபிஸ் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கணக்கைத் திருத்தினார்கள். 2029இல் மோதாது என்று தெரிந்தது. 2021 மார்ச் மாதம் ராடார் மூலம் அளந்தபின், குறைந்தது 100 ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை என்று நாஸா உறுதியாகச் சொன்னது.

2029 ஏப்ரல் 13ஆம் திகதி அது பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து செல்லும். அதாவது, நம் கிளார்க் சொன்ன செய்மதிகளின் உயரத்தைவிடக் கிட்டவாக! மேற்கு ஆசியாவில் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

2025 பெப்ரவரியில் 2024 வைஆர்4 என்ற கல்லைப் பற்றியும் இதே கதைதான். 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று ஏறி, மேலும் அவதானித்தபின் அதே மாதத்திலேயே ஏறக்குறையப் பூச்சியமானது. முதற்செய்தி உலகைச் சுற்றியது; திருத்தம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஆபத்தே இல்லை என்று சொல்ல வேண்டாம், அது பொய். 2013 பெப்ரவரி 15ஆம் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீற்றர் கல்லொன்று வெடித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். வெளிச்சத்தைப் பார்க்கச் சன்னலருகே போனவர்களைச் சற்று நேரத்தில் வந்த அதிர்வு கண்ணாடிச் சில்லுகளால் தாக்கியது. வானத்தில் திடீர்ப் பேரொளி தெரிந்தால் சன்னலை விட்டு விலகி நில் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்லின் பெயரும் இலக்கமும் என்ன? அளவு என்ன? பாதையைக் கணக்கிட்டவர் யார்? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே பயந்துபோன ஒரு தாய் இருக்கக்கூடும் அல்லவா?

பதில் இருந்தால் பிள்ளையை அருகில் இருத்தி, இருவருமாகப் படியுங்கள். சுனாமி வந்த நாளில் நமக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. வானத்துக் கற்களையோ இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றிரவு "உம்மா, உண்மையா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கள். அது நிம்மதியாகத் தூங்கும்.