நொதி செய்யும் வேலையை உலோகம் செய்தால்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து உணவுக் கடைகளில் “தே ஓ கோசோங்” என்று சர்க்கரையில்லாத தேநீர் கேட்கும் தமிழர்களைப் பார்க்கலாம். 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. 2016இல் அரசு நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது.

ரத்தத்தில் குளுக்கோஸ் அளவைப் பார்க்க விரல் நுனியைக் குத்தி ரத்தம் வைக்கிறோமே, அந்த ஸ்ட்ரிப்பில் காய்ந்திருப்பது ஒரு நொதி. பலவற்றில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். குளுக்கோஸிடமிருந்து அது பறிக்கும் எலக்ட்ரான்களை மீட்டர் மின்னோட்டமாக அளக்கிறது. அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் தொடங்கிவைத்த வழி இது. ஆனால் நொதி ஒரு புரதம். வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு டப்பியை இறுக மூடச் சொல்வது அதனால்தான். ஆண்டு முழுக்கப் புழுங்கும் இந்த ஊரில் அதை மறக்கவே கூடாது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெங் சென்னும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு நொதியே இல்லாமல் குளுக்கோஸை அளந்தது. நிக்கல் நுரையின்மேல் கார்பன் படலமான கிராஃபீனைப் படரவிட்டு, பிறகு நிக்கலை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். மிஞ்சியது ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் துளை துளையான கிராஃபீன். அதன் சுவரெங்கும் கோபால்ட் ஆக்சைடு நானோ கம்பிகளை வளர்த்தார்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் கோபால்ட் சில எலக்ட்ரான்களை இழக்கிறது. பக்கத்தில் வரும் குளுக்கோஸிடமிருந்து அவற்றை ஈடுகட்டிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது. மறுபடி இழக்கிறது, மறுபடி பறிக்கிறது. கம்பிகள் நுண்ணியவை என்பதால் கையளவு பொருளில் பெரும் பரப்பு கிடைக்கிறது. கிராஃபீன் எலக்ட்ரானைத் தடையின்றிக் கடத்துகிறது.

லிட்டருக்கு 25 நானோமோலுக்கும் குறைந்த குளுக்கோஸை அது உணர்ந்தது. வெறும் வயிற்றில் நம் மீட்டர் 5 காட்டினால் அது மில்லிமோல் கணக்கு. (இந்தியாவில் இருக்கும் அக்காவின் மீட்டரில் அதே அளவு மில்லிகிராம் கணக்கில் 90 என்று வரும்.) அதில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கைக்கூடக் கண்டுபிடிக்கும் நுட்பம் இது!

பிறகு ஏன் மருந்துக் கடையில் இல்லை? கோபால்ட் ஆக்சைடு இந்த வேலையைச் செய்யக் காரக் கரைசல் வேண்டும். ரத்தத்தின் பிஎச் 7.4தான்; அந்தக் காரம் போதாது. இன்னொரு சிக்கலும் உண்டு: நொதி குளுக்கோஸை அடையாளம் காணும். உலோக ஆக்சைடுக்கோ ஃபிரக்டோஸும் ஒன்றுதான், வைட்டமின் சியும் யூரிக் அமிலமும் குறுக்கிடலாம். என் கண்ணுக்கு, இப்படிப் பிரித்தறிவதுதான் கடினமான பாதி. காரத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது: அளப்பதற்குச் சற்று முன் மின்முனைக்கு எதிர்மின் துடிப்பொன்று கொடுத்தால், அங்குள்ள நீரே பிரிந்து ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கரைசல் முழுதும் மாற வேண்டியதில்லை; மின்முனையை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் சில கணம் காரமாகிறது.